வெளியே வரும் காட்சியை முதலில் எடுத்தோம்

அன்பு டேனி,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். இதை நீ மெதுவாகப் படிக்க வேண்டும். இது உன் கைக்கு மட்டும் வருகிற கடிதமும் இல்லை. நம் சங்கத்தின் மலரில் அச்சாகப் போகிறது. தாராவியிலும் செம்பூரிலும் பாண்டுப்பிலும் நம்மைத் தெரிந்தவர்கள் உனக்கு முன்பே படித்திருக்கலாம். அப்பன் மகனுக்கு எழுதுவதை ஊருக்கெல்லாம் ஏன் காட்டுகிறான் என்று உனக்குக் கோபம் வரும். இப்படி அச்சில் போடும்படி ஒருவர் என்னிடம் கேட்டார். மறுக்கும் உரிமை எனக்கு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, பாய் மேல் உட்கார்ந்து நீ போனை என் முன்னால் நீட்டினாய். "அப்பா, ஏக் மினிட், இதப் பாருங்க. நீங்க செட் போட்ட சீரியல். யாரோ பழைய டேப்ப கிளீன் பண்ணிப் போட்டிருக்காங்க, கித்னா கிளியர் பாருங்க" என்றாய். நான் பார்த்தேன். விண்கப்பலின் உள்ளே ஒரு வாசல். வெள்ளி உடுப்புப் போட்ட ஒருவன் அதன் முன் வந்து நிற்கிறான், ஒரு வசனம் சொல்கிறான், புகைக்குள் நடந்து போகிறான். நீ படத்தை அங்கேயே நிறுத்தி, விரலால் ஓரத்தைப் பெரிதாக்கினாய். "அந்தக் காலத்து டிவில இது தெரிஞ்சிருக்காது. ஒயர் தெரியுது பாருங்க, டேப் சுத்தினது. கீழ தண்ணி. ஒருத்தர் கை ஒயர இழுக்குது. யாரு கைப்பா இது?" நீ சிரித்துக்கொண்டே கேட்டாய். தெரியவில்லை என்றேன். எழுந்து போய்க் குழாயைத் திறந்து வெறுமனே கை கழுவிக்கொண்டு நின்றேன். அது என் கை, டேனி.

நீ திங்கட்கிழமை புறப்படுகிறாய். ஐரோலி ஆபீசில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பார்த்த வேலையை இனி வெளிநாட்டில் தண்டவாளத்தில் இறங்கிப் பார்க்கப் போகிறாய். ஓட்டுநர் இல்லாத ரயிலை ஓட்டிப் பார்த்து, இனி ஆட்கள் ஏறலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர்களில் நீயும் ஒருவன். அம்மா ஊறுகாய் கட்டித் தந்துவிடுவாள். என்னிடம் தருவதற்கு இது ஒன்றுதான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் உன்னோடு ஒரே அறையில் தூங்கி எழுந்திருக்கிறேன்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது, டிராம்பே போகிற வழியில் பழைய பெயிண்ட் கோடவுன் ஒன்றை வாடகைக்கு எடுத்து அந்த ஹிந்தி சீரியலை எடுத்தார்கள். ஞாயிறு காலையில் வரும். பிள்ளைகளுக்கான விண்வெளிக் கதை. கப்பலின் உள்பக்கம் முழுக்க நான் செய்தது. தாராவியில் பழைய பிளாஸ்டிக் பிரிக்கிற இடங்களுக்குப் போய் வாஷிங் மெஷின் டிரம், கீபோர்டு, ஷாம்பு பாட்டில் மூடி என்று சாக்கில் அள்ளி வருவேன். வெள்ளி பெயிண்ட் அடித்து, பின்னால் பல்பு வைத்தால் கேப்டனின் மேஜை தயார். லைட்டுக்குச் செல்லத்துரை. அவனும் நானும் நாசரேத் பக்கத்து ஆட்கள், ஒரே சபை, ஒரே சந்து. அவன் மனைவி ரோஸ்லினை நீ அத்தை என்று கூப்பிடுகிறாய். மகள் மெர்சி உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள். செல்லத்துரையை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். எந்தப் படம் என்று உனக்கே தெரியும்.

கதை எழுதுகிறவர் மாட்டுங்காவிலிருந்து வருவார், சேஷாத்ரி சார். கப்பலிலிருந்து கப்பலுக்கு ஆட்கள் போக ஒரு சின்ன ஓடம் வைத்திருந்தோம். அது பறப்பதைப் படமெடுக்க ஒவ்வொரு தடவையும் மூன்று நாள் இழுத்தது. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அப்போது சேஷாத்ரி சார்தான், "ஓடமே வேண்டாம். இந்தக் கப்பல்ல ஒரு வாசல், அந்தக் கப்பல்ல ஒரு வாசல். இதுல நுழைஞ்சா அதுல வந்துடலாம்" என்றார். இந்த மாதிரிக் கதைகளில் வரும் அதிசய யந்திரங்களில் பாதி இப்படி யாரோ களைத்துப்போய்க் கண்டுபிடித்தவைதான் என்பார். ஆனால் அதைப் பார்க்கிறவர்களிடம் கொண்டுபோகிற விதத்தில் அவர் மகா கெட்டிக்காரர். எடுத்தவுடன் யந்திரத்தைக் காட்ட விடமாட்டார். "மெஷினக் காட்டறதுக்கு முன்னாடி, அதப் பாத்து பயப்படறவனக் காட்டணும்யா. லைட்டு, புகையெல்லாம் அப்பறம்" என்பார். அதனால் முதல் வாரம் வாசல் ஒரு மூலையில் துணி போர்த்தி நின்றது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதைக் கடக்கும்போது மட்டும் ஒவ்வொருவரும் கொஞ்சம் தள்ளி நடந்தார்கள். அடுத்த வாரம் துணி எடுத்தாயிற்று. உள்ளே ஒரு அலாரம் கடிகாரத்தை அனுப்பினார்கள். அந்தப் பக்கம் அது முழுசாக வந்தது, ஆனால் ஓடவில்லை. கப்பலின் கிழட்டு என்ஜினியர் அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். அந்த வாரம் நம் சந்தில் பெரியவர்களும் வேலையை விட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவது வாரம் ஆள் போக வேண்டும். கேப்டன் இதை விளக்குகிற வசனம் ஒன்று உண்டு. தாதர் பாலத்தில் ஏறி ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு மாறுவது போலத்தான், பாலம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே என்பார். யார் முதலில் போவது என்று பேச்சு வந்தபோது சேஷாத்ரி சார் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "முதல்ல போறவனுக்குப் பேர் இருக்கப்படாது. அவனுக்கு ஏதாவது ஆனாலும் கதை நடக்கும்னு பாக்கறவனுக்குத் தோணணும். ஆனா ஒரே ஒரு டயலாக் குடு. இல்லேன்னா மனசு பதறாது." கதைக்கு அது சரியான யோசனை. அன்றைக்கு அந்த வேஷத்துக்கு வரவேண்டியவன் வரவில்லை. வெள்ளி உடுப்பு செல்லத்துரைக்கு அளவாக இருந்தது.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏல, ரோஸ்லின் டிவில பாத்தான்னா மயங்கி விழுந்துருவால" என்று முகத்தில் பவுடரோடு சொல்லிச் சிரித்தான். ஒரு வாசல்தான் செய்திருந்தேன். அதற்கே நீலத் துணி சுற்றினால் அந்தக் கப்பலின் வாசல், எடுத்துவிட்டால் இந்தக் கப்பலின் வாசல். காலையில் நீலத் துணி சுற்றியிருந்ததால், அவன் வெளியே வரும் காட்சியை முதலில் எடுத்தோம். புகைக்குள்ளிருந்து வந்தான், தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தான், சிரித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு சாப்பாடு.

சாப்பாட்டுக்குப் பின் டைரக்டருக்கு ஒரு ஆசை வந்தது. வாசலைச் சுற்றி இன்னொரு வளையம் விளக்கு வேண்டும், அது மூச்சு விடுவது போல ஏறி இறங்க வேண்டும் என்றார். செல்லத்துரை மேக்கப்பில் இருந்தான், நான் செய்கிறேன் என்றேன். வாசலின் சட்டம் அலுமினியம். பிளக் இரண்டு பின் என்பதால், ஷாக் அடிக்காமல் காக்கிற எர்த் கம்பியை வெட்டிவிட்டேன். ஒயர் நீளம் போதவில்லை, நடுவில் ஒட்டுப்போட்டு டேப் சுற்றினேன். புகைக்காக டிரை ஐஸ் போட்டு வைத்திருந்த தட்டுகளிலிருந்து தண்ணீர் தரையெல்லாம் சிந்தியிருந்தது. செல்லத்துரை எந்த ஒட்டையும் தானே விரலால் தடவிப் பார்க்காமல் விடமாட்டான், எல்லோரும் அவனைக் கேலி செய்வோம். அன்றைக்கு உடுப்பு நனையும் என்று யாரும் அவனைக் குனிய விடவில்லை. வாசல் முன்னால் நின்றபடி என்னைப் பார்த்துக் கேட்டான். "ஏல, ஜாயிண்ட்ட நல்லாப் பாத்தியால?" நான், "பாத்தாச்சு, பாத்தாச்சு, நீ போ" என்றேன். பார்க்கவில்லை டேனி. சுற்றியதோடு சரி. கேமரா ஓட ஆரம்பித்த பிறகுதான் ஒயர் காட்சிக்குள் வருகிறதே என்று கையை நீட்டி இழுத்தேன். நீ பெரிதாக்கிக் காட்டியது அதைத்தான்.

"மை தேக் கே ஆத்தா ஹூ" என்றான். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். உள்ளே போனான். விளக்கு ஏறி இறங்கியது. உள்ளே ஒரு ஆள் நிற்கிற இடம்தான், பின்னால் பிளைவுட் அடைத்திருந்தேன். இரண்டு தடவை உள்ளே இடிக்கிற சத்தம் கேட்டது. எனக்குப் பக்கத்தில் நின்றவனிடம், "நல்லா நடிக்கான்" என்றேன். இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. டைரக்டர் கட் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள், செல்லத்துரை வரவில்லை. "செல்லா பாய், பஸ் கரோ", போதும் வா என்று யாரோ சிரித்தார்கள். விளக்கு மட்டும் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன், பின்பக்கம் பிளைவுட்டைப் பிடுங்கினேன். அவன் விழவில்லை. விழ இடமில்லை. சட்டத்தைப் பிடித்தபடி நின்றிருந்தான், முகம் என் பக்கம் பார்த்து.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். நான் ஒரு நிமிஷம் பின்தங்கினேன். அந்த ஒயரைச் சுருட்டி என் சாமான் பையில் போட்டேன். பிறகு விசாரிக்க வந்தவர்கள், லைட் வேலை யாருடையது என்று கேட்டார்கள். செல்லத்துரை என்று யாரோ சொன்னார்கள். நான் தலை குனிந்து நின்றேன். அவன் கவனக்குறைவால் அவனே செத்தான் என்று முடிந்தது. தாராவியில் அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையே பேசினார்கள். ஒயரை மறுநாள் பழைய சாமான்கள் மலையாகக் குவிந்திருந்த இடத்தில் வீசினேன். அங்கே எத்தனையோ ஒயர் கிடக்கும்.

ஆள் செத்தும் சீரியலை நிறுத்தவில்லை, அந்தக் காட்சியையும் நீக்கவில்லை. அவன் போகிற துண்டையும் வருகிற துண்டையும் ஒட்டிவிட்டார்கள். ஞாயிறு காலை நம் வீட்டில் சந்தே கூடியிருந்தது. ரோஸ்லின் வீட்டில் டிவி இல்லை, வெள்ளைச் சேலையோடு வந்து முன்னால் உட்கார்ந்தாள், பக்கத்தில் ஆறு வயசு மெர்சி. பார்க்க வேண்டாம் என்று உன் அம்மா சொல்லிப் பார்த்தாள். செல்லத்துரை வாசலுக்குள் போனான். அடுத்த நொடி நீல வாசலிலிருந்து வந்து, இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். ரோஸ்லின் திரும்பி என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, வந்துட்டாவளே" என்றாள். அவள் முகத்தில் ஒரு நொடி நிஜமான ஆச்சரியம் இருந்தது.

அதன் பிறகு மறுஒளிபரப்பு வரும்போதெல்லாம் அவள் வந்தாள். வெளியே வருகிறவரை பார்ப்பாள், உடனே எழுந்து போய்விடுவாள். வாசல் நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது. அதை உடைத்துவிட்டு எனக்கே இன்னொன்று செய்யச் சொன்னார்கள். செய்தேன், எர்த் வைத்துச் செய்தேன். பத்து வாரத்தில் கேப்டன், சமையல்காரன், கப்பல் நாய்கூட அதற்குள் போய்வந்தார்கள். புதுசு பழசாகிவிட்டது, யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடிகர்கள் மட்டும் உள்ளே இரண்டு நொடிக்கு மேல் நிற்க மாட்டார்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறது என்பார்கள். நான் உள்ளே கை வைத்துப் பார்த்திருக்கிறேன். விளக்கு எரியாத நாளிலும் அப்படித்தான் இருந்தது. என் மனசுதான் என்று சொல்லிக்கொள்வேன்.

உனக்கு ஏழு வயது இருக்கும், சந்தில் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்துப் பிள்ளைகள் வாசல் விளையாட்டு விளையாடுவீர்கள். யாருக்கும் அந்தப் பெயரில்லாத ஆளாக இருக்கப் பிடிக்காது. நீதான் எப்போதும் அவன். ஒரு நாள் வேலைவிட்டு வருகிறேன், நீ தகரத்துக்கு முன்னால் நின்று, "மை தேக் கே ஆத்தா ஹூ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். போனவன் வரவில்லை. விளையாட்டுக்குத்தான் ஒளிந்து நின்றாய், உள்ளே தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினாய். நான் தகரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு உன்னை அடித்தேன். உதடு கிழிந்தது. ஏன் அடித்தேன் என்று நீயும் கேட்டாய், அம்மாவும் கேட்டாள், தகரம் காலில் விழுந்திருக்கும் என்று சொன்னேன். வீட்டில் பாத்ரூம் கதவை யாரையும் தாழ்போட விடாமல் இருந்தேனே, அதற்கும் ஏதோ சாக்குச் சொன்னேன். இப்போது உண்மையான காரணம் உனக்குத் தெரிகிறது.

நீ போனைக் காட்டிய மறுநாள் மத்தியானம் பாண்டுப்புக்குப் போனேன். மெர்சி மார்னிங் டியூட்டிக்கு ஆஸ்பத்திரி போயிருந்தாள். ரோஸ்லின் மட்டும் ஜன்னலோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காராமல், நின்றபடியே முழுவதையும் சொன்னேன், ஒயர், எர்த், தண்ணீர், பை, தலை குனிந்தது வரைக்கும். அவள் கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு கேட்டாள்.

"அவிய உங்ககிட்ட எதாச்சும் கேட்டாவளா அண்ணாச்சி? உள்ள போறதுக்கு முன்ன?"

"கேட்டான். ஜாயிண்ட்ட பாத்தியான்னு கேட்டான். பாத்தாச்சுன்னு பொய் சொன்னேன்."

"அப்பம் கேட்டிருக்காவ." கீரையைக் கீழே வைத்தாள். "கேட்டிருக்காவ. கவனமாத்தான் இருந்திருக்காவ."

பிறகு சொன்னாள், என்னைப் பார்க்காமல். "நான் அவியள ஏசாத நாள் கிடையாது. தெரியுமா? காலைல எந்திச்சி ஜெபம் பண்ணுவேன், முடிச்சதும் ஏசுவேன். உனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு, ஒரு ஒயரப் பாக்கத் தெரியலையா, பச்சப்பிள்ளய விட்டுட்டுப் போயிட்டியேன்னு. பிள்ளைக்கும் அதச் சொல்லித்தான் வளத்தேன். உங்க அப்பன் மாதிரி அசட்டையா இருக்காதன்னு. இன்னைக்கி காலைலயும் ஏசினேன் அண்ணாச்சி. இனி அவியகிட்ட நான் என்ன சொல்ல?"

மன்னிப்பு என்ற வார்த்தை வாய்வரை வந்தது, அதைச் சொன்னால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும் என்று விழுங்கிவிட்டேன். உள்ளே இடித்த சத்தத்தையும், நான் சொன்னதையும் அப்போதுதான் சொன்னேன். அதுவரை அவள் அழவில்லை.

அழுது முடித்து முகம் துடைத்தபின் சொன்னாள். "எங்கிட்ட ரகசியமாச் சொல்லிட்டுப் போனா எப்படி? அன்னைக்கி தாராவி முழுக்கல்லா பேசிச்சு. எழுதிப் போடுங்க. சங்கத்து மலர்ல போடுங்க. செல்லத்துரை கவனமான ஆளுன்னு எழுதுங்க. உங்க மகன் படிக்கணும். எம் மகளும் படிக்கணும்."

செல்லத்துரை கவனமான ஆள். எழுதிவிட்டேன்.

நான் கிளம்பினேன். அவள் விடவில்லை. "மெர்சி வர நேரந்தான். அவகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள். காத்திருந்தேன். இரண்டரை மணி இருக்கும், மெர்சி வந்தாள். என்னைப் பார்த்ததும் எப்போதும் போல, "மாமா! எப்ப வந்தீங்க? டேனிக்கு பேக்கிங் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே பையை மாட்டினாள். அம்மாவின் முகத்தைக் கவனிக்கவில்லை. நேரே உள்ளே போய் டீ போட்டு, எனக்கு முன்னால் வைத்துவிட்டு, நர்ஸ் உடுப்போடே எதிரில் உட்கார்ந்தாள். ரோஸ்லின், "மாமா ஒன்னு சொல்ல வந்திருக்காவ. கேளு" என்றாள்.

ஒரே நாளில் இரண்டாவது தடவை சொன்னேன். இந்தத் தடவை உட்கார்ந்து. மெர்சி ஆஸ்பத்திரியில் நோயாளி சொல்வதைக் கேட்கிற மாதிரி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள். நான் முடித்தேன். அவள் எழுந்து, நான் இன்னும் தொடாமல் வைத்திருந்த டீயை எடுத்தாள். உள்ளே கொண்டுபோனாள். தொட்டியில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் வெளியே வரவில்லை. நானே கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தேன்.

டேனி, நீ கையெழுத்துப் போடப்போகிற இடத்தில் என்னைவிட ஆயிரம் மடங்கு படித்தவர்கள் இருப்பார்கள். தாளில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ஒருவன் உன்னைப் பார்த்து, பார்த்தாயா என்று கேட்பான். அவன் அவசரத்தில் இருப்பான், நீயும் அவசரத்தில் இருப்பாய், நல்ல வெளிச்சமும் சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். பயப்படும்படி ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் பார்க்கவில்லை என்று சொல்ல உனக்கு வாய் வர வேண்டும். பார்க்கவில்லை, நில், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று. உலகத்தில் எனக்குத் தெரிந்த புத்திமதி இது ஒன்றுதான், இதையும் நான் கடைப்பிடிக்கவில்லை.

என்னை என்ன செய்வது என்று நீ யோசிப்பாய். அவசரமில்லை. விசாரணை என்று யாராவது வந்தால் நான் தாராவியில்தான் இருப்பேன், எங்கும் போகமாட்டேன். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, சாப்பாடு மட்டும் வைக்கிறாள். நீயும் பேசாமல் இருந்தால் நான் புரிந்துகொள்வேன்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் போன் மெர்சிக்குப் பண்ணு. அவள் எடுக்கிறவரை பண்ணு. எனக்கு அதற்கப்புறம், உனக்குத் தோன்றினால் பண்ணு.

உன்
அப்பா